பால்குடம் வைத்த சில்லர்

சில்லர் குளிரவில்லை என்று போன் செய்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அடுத்த மூச்சிலேயே, "கேஸ் முடிஞ்சிருச்சி போலலா" என்பார்கள். இதை இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரிந்தால் அவனை நாலு அறை அறைவேன். சில்லருக்குள் இருப்பது என்ன, தினமும் எரிந்து தீர அடுப்பு கேஸா? குழாயில் ஓட்டை விழாதவரை அது பாட்டுக்கு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக் கடைச் சில்லர் என்றால் எண்ணெய்ப் புகையும் மாவுத் தூசியும் சேர்ந்து அங்கே இருக்கும் குழாய்ச் சுருளுக்கு, அதாவது வெளிக் காயிலுக்கு, கம்பளி போர்த்தியிருக்கும். அதைச் சுத்தம் செய்தாலே பாதி வியாதி போய்விடும். அடுத்தது கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தால் தாள் சும்மா வழுக்கிக்கொண்டு வரக்கூடாது. அப்புறம் உள்ளே ஃபேன் சுற்றுகிறதா, உள் காயிலில் ஐஸ் கட்டிக் காற்றை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் கேஸ் என்ற பேச்சே வர வேண்டும்.

என் பெயர் கிரகரி. இந்த மலையில் ரிங்லெட்டிலிருந்து கோலா தெர்லா வரைக்கும் இருபத்தெட்டு வருஷமாக நான் பார்க்காத ஹோட்டல் சில்லர் கிடையாது, திரிங்காப்பில் பூ வைக்கிற குளிர் அறை கிடையாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கிரகரி கை வெச்ச பெட்டிக்கு ரெண்டாவது தடவை கூப்பிட வேண்டியதில்ல" என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். என் மனைவி கத்தரீன், "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்பாள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை. கெட்டது சிவசாமி.

சிவசாமியும் நானும் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிறந்தவர்கள். அவன் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டினான். மலை வளைவில் அவனைப்போல் லோரி திருப்ப ஆளில்லை. இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து, இடது காலில் இரண்டு விரல் போய், அதோடு லோரியும் போனது. பிறகு அவனும் அவன் மனைவி சரோஜாவும் எஸ்டேட் சந்திப்பில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே, சாப்பாட்டுக் கடை போட்டார்கள். தேயிலைக்கு நடுவில் நின்று படம் எடுக்க வரும் கூட்டத்துக்கு பரோட்டா மாதிரி வீசிப் போடும் ரொட்டி சானாயும் டீயும் போட்டே பிழைத்துக்கொண்டார்கள். ஒரே மகள் மலர் ஜொகூரில் பாக்டரியில் வேலை செய்கிறாள்.

இந்த வருஷம் அந்தக் கால் மறுபடியும் கறுத்தது. விரலில் ஆரம்பித்து பாதம் முழுக்க வந்துவிட்டது. முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பிழைப்பார், விட்டால் விஷம் இரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். சிவசாமி மூன்று வாரம் பிடி கொடுக்கவில்லை.

"ஒத்தக் காலோட ஒக்காந்து நான் யாருக்குடா ரொட்டி வீசப் போறேன்?" என்று என்னிடம் கத்தினான்.

"உசுரோட இருந்தா ஒக்காந்தாவது வீசலாம்டா மடையா" என்று நானும் கத்தினேன்.

வழி கண்டுபிடித்தவள் சரோஜாதான். கோயில் திருவிழா வந்தது. அவள் காப்புக் கட்டிக்கொண்டு, புருஷன் பேரில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். அதைக் கேட்டதும் சிவசாமி இறங்கி வந்தான். "சரி. என் பேருல எடுக்கிற பால்ல ஆத்தா குளிர்ந்துட்டான்னா, அதுதான் எனக்கு உத்தரவு. மக்கா நாளே போய் கால வெட்டக் குடுத்துடறேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை பால்குடம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில். அந்த ஒரு வாரம் சரோஜா சிரித்ததை நான் பார்த்தேன். அதற்கு முன்பு அவள் எப்போது சிரித்தாள் என்று எனக்கு ஞாபகமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. நான் அப்போதுதான் கோழிக்கறியும் சோறும் தின்று கை கழுவியிருந்தேன்.

"அண்ணே, சில்லரு குளிரலண்ணே. சாயந்தரம் பாலு வருது. இருபத்தேழு கொடத்துப் பாலும் இங்கதான் வெக்கணும். கேஸ் முடிஞ்சிருச்சோ?"

"கேஸும் இல்ல, கீஸும் இல்ல. வரேன் இரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அம்மனுக்கு ஊற்றும் பால் காய்ச்சாத பச்சைப் பாலாக இருக்க வேண்டும். பாக்கெட் பால் அதற்கு ஆகாது என்று எங்கள் எஸ்டேட்டில் கணக்கு. மலைக்குக் கீழே தாப்பா பக்கத்தில் மாடு வைத்திருப்பவரிடம் சொல்லி, முதல்நாள் சாயந்திரமே வரவழைத்து, ஒரு ராத்திரி சில்லரில் வைத்து, விடியற்காலை எடுப்பார்கள். பச்சைப் பால், மலையில் குளிர்தானே என்று வெளியே விட்டால் விடிவதற்குள் புளித்துவிடும். அதனால் அந்தச் சில்லர் அன்று ஒருநாள் கோயிலுக்குச் சேர்ந்தது. சரோஜா முட்டையும் இறைச்சியும் எல்லாவற்றையும் காலி செய்து துடைத்து வைத்திருந்தாள்.

நான் உள்ளே கையை விட்டேன். காற்றே வரவில்லை. மேல் மூடியைக் கழற்றினால் காயில் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பாறை. ஐஸ் கட்டிவிட்டது. அந்தப் பெட்டி பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் கழித்துப்போட்ட உறைபெட்டி. நான்தான் பல வருஷத்துக்கு முன்னால் அதைச் சில்லராக மாற்றிக் கொடுத்தேன். அதில் காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர் கம்பி உண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது சூடாகி, சேர்ந்த ஐஸை உருக்கிவிட்டு அணைந்துவிடும். அதற்குக் கரண்ட் விடுகிற சின்ன வில்லை ஒன்று இருக்கிறது. அந்த வில்லை செத்துப்போயிருந்தது. புது வில்லை ஈப்போவிலிருந்துதான் வர வேண்டும்.

அதற்கும் வழி உண்டு. ஒரு துண்டு ஒயரை எடுத்து, இரண்டு முனையிலும் கவ்வி மாட்டி, வில்லையைத் தாண்டி ஹீட்டருக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால் ஐஸ் உருகிவிடும். உருகியதும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். அப்புறம் ஒரு வாரத்துக்குப் பெட்டி தாராளமாக ஓடும். அதற்குள் வில்லை வந்துவிடும். ஆயிரம் தடவை செய்த வேலை. ஒயரை மாட்டினேன். ஐஸ் சொட்டுச் சொட்டாக உருக ஆரம்பித்தது. பால் ஆறு மணிக்கு என்றார்கள். எனக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது.

நாலரைக்கே மேளச் சத்தம் கேட்டது. சனிக்கிழமை கார், வேன் என்று மலை ஏறும் காடிகளின் ஜாமுக்குப் பயந்து பால்காரர் மத்தியானமே கிளம்பி வந்துவிட்டார். கோயில் தலைவர் அமிர்தலிங்கம், எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதின பழைய கிராணி, முன்னால் வேப்பிலையோடு வந்தார். அவருக்குப் பின்னால் காப்புக் கட்டிய பெண்கள் மூடி போட்ட குடங்களோடு வந்தார்கள். என் தலை இன்னும் பெட்டிக்குள் இருந்தது. ஐஸ் எல்லாம் உருகி, மூலையில் கட்டைவிரல் அளவு ஒரு துண்டு மட்டும் பாக்கி.

"கிரகரி, கறி கிறி சாப்புட்டியா?" என்று அமிர்தலிங்கம் கேட்டார்.

"ஆமா சார், மத்தியானம் கோழி."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. கோவிச்சிக்காத. ஆத்தா பாலு உள்ள போவுது. மஞ்சத்தண்ணி தெளிக்கணும்."

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் ஐந்து நிமிஷம் கிடைத்திருக்கும். அன்று பொய் சொல்ல வேண்டிய இடத்தில் உண்மையைச் சொன்னேன். மறுநாள் உண்மை சொல்ல வேண்டிய இடத்தில் பொய் சொன்னேன். என் பிழைப்பு அப்படி.

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. மூடியைத் தூக்கிவைத்து, நாலு திருகாணியில் இரண்டை மட்டும் முடுக்கி, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கம்ப்ரஸ்ஸர் உறுமியது. ஃபேன் சுற்றியது.

"ஆயிடுச்சாண்ணே?" என்று சரோஜா கேட்டாள்.

"கிரகரி கை வெச்சா ஆவாம இருக்குமா?"

குடங்கள் உள்ளே போயின. அமிர்தலிங்கம் கைப்பிடியில் வேப்பிலை செருகி மஞ்சள் கயிற்றால் கதவைக் கட்டினார். விடிகிறவரை யாரும் அவிழ்க்கக் கூடாது. ரிப்பேர் செய்த எந்தப் பெட்டியையும் மூன்று மணி நேரம் கழித்து நான் திரும்பப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். அது என் வழக்கம். அன்று போகவில்லை. கறி தின்றவன் எப்படிப் போய்க் கயிற்றை அவிழ்ப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அமிர்தலிங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்திருப்பார். நான் வீட்டில் உட்கார்ந்து பந்து விளையாட்டு பார்த்தேன்.

விடியற்காலையில் நானும் போயிருந்தேன். சிவசாமி எனக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தான். கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, முழுக்கை சட்டை போட்டு, திருநீறு பூசி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். சரோஜா ஈரத்தலையோடு மஞ்சள் சேலையில் வந்து கயிற்றை அவிழ்த்தாள்.

கதவைத் திறந்ததும் வெளியே வந்தது குளிர் இல்லை, வெதுவெதுப்பான காற்று. அதோடு ஒரு புளிப்பு வாடை. சரோஜா அவள் குடத்தை எடுத்து மூடியைத் திறந்தாள். தண்ணீர் தனியாக, கட்டி தனியாக மிதந்தது. அடுத்த குடம் திறந்தார்கள். அதற்கடுத்தது. இருபத்தேழும் அப்படித்தான்.

"ஐயோ, ஆத்தா!" என்று யாரோ அலறினார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது.

அமிர்தலிங்கம் காரியக்காரர். "சரி சரி, அழுதுகிட்டு நிக்காதீங்க. தானா ராத்தா டவுனுக்குப் போயி பாக்கெட் பாலு வாங்கிட்டு வாங்கப்பா. அபிசேகம் நிக்கக் கூடாது. தோசத்துக்கு அப்புறமா பரிகாரம் பண்ணிக்கலாம்" என்றார். ஒரு மணி நேரத்தில் பால் வந்தது. மேளம் அடித்தது. இருபத்தேழு குடமும் ஊர்வலம் போனது. மற்றவர்களுக்கு அது ஒரு சின்னத் தடங்கல். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிட்டார்கள்.

சிவசாமி நாற்காலியை விட்டு எழவே இல்லை. சரோஜா தலையில் பாக்கெட் பாலோடு அவன் முன்னால் வந்து நின்று, "என்னாங்க, வாங்க, நீங்களும் வந்து கும்புடுங்க" என்று கெஞ்சினாள்.

"அது கடைப் பாலு. என் பேருல வந்த பால அவ தொடல" என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. "கேட்டேன், சொல்லிட்டா. வெட்ட வேணாங்கிறா. விடு."

மத்தியானம் சரோஜா என்னைக் கூப்பிட்டாள். கோயிலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கடையில் அவளும் நானும்தான். நான் மேல் மூடியைக் கழற்றினேன். இரண்டு திருகாணிதானே, உடனே வந்துவிட்டது. சிவப்பு ஒயர் அப்படியே மாட்டிக்கிடந்தது. ஹீட்டர் ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது. கம்ப்ரஸ்ஸர் அதோடு மல்லுக்கட்டி, சூடேறித் தானாகவே நின்றுபோயிருந்தது. பாலைக் குளிரவைக்கச் சொன்னார்கள். நான் உறை ஊற்றி அடுப்போரம் வைத்தது போல் வைத்துவிட்டேன்.

"என்னாண்ணே கோளாறு?" பின்னால் நின்று கேட்டாள். அழுது அழுது குரலே இல்லை.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் சொல்லியிருந்தால் சிவசாமி என்னை அறைந்திருப்பான், அமிர்தலிங்கம் கோயில் வாசலில் நிற்கவைத்துக் கேட்டிருப்பார், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன் ஆத்தா பாலைக் கெடுத்துவிட்டான் என்று மலை முழுக்கப் பேசியிருப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் திங்கட்கிழமை சிவசாமி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான்.

ஒயரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"ராத்திரி கரண்டு கொறைஞ்சிருக்குது தங்கச்சி. லைன்ல எல்லாருக்கும்தான். மோட்டாரு நின்னுபோச்சி" என்றேன்.

"அப்ப பெட்டியில ஒண்ணும் இல்லியா?"

"பெட்டியில ஒண்ணும் இல்ல."

அவள் அப்படியே சில்லர்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அப்ப ஆத்தாதான்" என்றாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கட்டில் காலியாகக் கிடந்தது. நான் காடியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் ஹார்ன் அடித்தேன். வரவில்லை. செவ்வாயும் போனேன். உண்மையைச் சொல்லாமலே அவனைத் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன், பாருங்கள், அவ்வளவு கெட்டிக்காரன் நான். "பாலு திரியறது சகஜம்டா. பூமியில தினம் ஆயிரம் கொடம் பாலு திரியுது" என்றேன். "எனக்காக வெச்ச பாலு ஒண்ணுதானேடா" என்றான். மலரை போனில் பேசவைத்தேன். அவள் அழுதாள். அவன் சமாதானம் சொன்னான். காலிலிருந்து வாடை வர ஆரம்பித்திருந்தது. சரோஜா சாம்பிராணி போட்டு மூடினாள்.

புதன்கிழமை சோற்றில் கையை வைத்தபடி அழுதுவிட்டேன். கத்தரீன் பயந்துபோய் என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. தட்டை என் முன்னாலிருந்து எடுத்தாள்.

"நாலு நாளா வாயில என்னா வெச்சிருந்தீங்க? ஊருக்கெல்லாம் இருக்குதே அந்த வாயி" என்றாள். "பாவசங்கீர்த்தனம் சாமியார்கிட்ட அப்புறம் பண்ணலாம். மொதல்ல அந்த மனுசன்கிட்டப் போயி பண்ணுங்க."

மறுநாள் காலையிலேயே போனேன். சிவசாமி கட்டிலில் படுத்திருந்தான். காய்ச்சலில் கண் சிவந்து உதடு வெடித்திருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். ஒயரை எடுத்து அவன் கையில் வைத்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். கோழிக்கறி, மேளம், கட்டைவிரல் அளவு ஐஸ், இரண்டு திருகாணி, எல்லாவற்றையும்.

"ஆத்தா ஒண்ணும் சொல்லலடா. நான்தான். நான் மறந்துட்டேன்டா. என்னைய செருப்பால அடி. ஆனா எந்திரி, போலாம்."

அவன் ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அவ்வளவு பிரியமாகச் சிரித்தான்.

"நீ நல்லவன்டா கிரகரி" என்றான். "எனக்காக ஒன் தொழில் பேரையே கெடுத்துக்கிறியே."

"டேய், சத்தியமாடா. மாதா மேல சத்தியம்."

"மாதா மேல பொய் சத்தியம் பண்ணாதடா, பாவம். இருவத்தெட்டு வருசமா ஒரு பெட்டி ஒன்கிட்ட திரும்பி வந்ததில்லேன்னு நீதானே சொல்லுவே? ஞாயித்துக்கெழம என் பொண்டாட்டிகிட்ட என்னா சொன்னே? பெட்டியில ஒண்ணும் இல்லேன்னியா இல்லியா? அன்னிக்கி ஒண்ணும் இல்லாத பெட்டியில இன்னிக்கி ஒயரு எங்கேருந்துடா வந்துச்சி?" மூச்சு வாங்கியது. "இந்த மாதிரி ஒயரு ஒன் பையில எப்பவும் நாலு கெடக்கும். எனக்குத் தெரியாதா?"

நான் கத்தினேன், அழுதேன், என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். எவ்வளவு கத்தினேனோ அவ்வளவுக்கு அவன் என்னைத் தேற்றினான். கடைசியில், "போதும்லா, போயி மொகத்தக் கழுவு" என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எழுந்து திரும்பினால் வாசலில் சரோஜா நின்றிருந்தாள். கையில் கஞ்சித் தட்டு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவன் நம்பவில்லை. அவள் நம்பிவிட்டாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"ஞாயித்துக்கெழம நான் கேட்டேனேண்ணே" என்றாள். "பின்னால நின்னு கேட்டேனே."

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். எழுந்திருங்கள், அண்ணன் சொல்வது உண்மை, இப்போதே போகலாம் என்றாள். "நீயும் அவனோட சேந்துக்கிட்டியா?" என்று அவன் கையை உதறினான். கடைசியாக அவன் கோபப்பட்டது அவள் மேல்தான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு நினைவு தப்பியது. வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாமல் போனதும் நாங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். காலை எடுக்கிற நிலைமையைத் தாண்டிவிட்டது, இரத்தம் முழுக்க விஷம், முன்பே வந்திருந்தால் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். எப்போது வந்திருந்தால் என்று மலர் கேட்டாள். ஜொகூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த பெண், தலைகூட வாரவில்லை.

"திங்கக்கிழமை வந்திருந்தா நல்ல வாய்ப்பு இருந்தது" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை மத்தியானம் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. எஸ்டேட் முழுக்க வந்திருந்தது. நான் பாடையின் ஒரு மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சு விழவே இல்லை. பெண்கள் சரோஜாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

"ஆத்தா அன்னிக்கே காட்டிட்டாம்மா" என்று ஒருத்தி அழுதாள். "பாலு திரிஞ்சப்பவே நெனச்சேன்."

"ஆமாப்பா" என்றார் அமிர்தலிங்கம், நாற்காலியில் உட்கார்ந்தபடி. "நாம அத வெறும் தோசம்னு நெனச்சோம். அவ சிவசாமிய எடுத்துக்கப் போறேன்னு முன்கூட்டியே சொல்லியிருக்கா. நமக்குத்தான் புரியல."

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. மூங்கிலைப் போட்டுவிட்டு எழுந்தேன். இத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடுவது, அடித்துக் கொன்றாலும் சரி என்று முடிவு செய்துவிட்டேன். "சார், அது வந்து" என்று ஆரம்பித்தேன்.

"ஆமா" என்றாள் சரோஜா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆத்தா முன்னமே சொல்லிட்டா. அவளுக்கு வேண்டியிருந்துச்சி, எடுத்துக்கிட்டா."

அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் மறுபடி உட்கார்ந்து முடிச்சுப் போட்டேன்.

தூக்குவதற்கு முன்னால், எல்லாரும் பூ எடுக்கப் போயிருந்தபோது, அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் காலில் விழலாம் என்று குனிந்தேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"தங்கச்சி, எனக்காக நீ ஏன்" என்றேன்.

"உங்களுக்காக இல்லண்ணே" என்றாள். அழுகை எல்லாம் தீர்ந்துபோன குரல். "உங்கள காப்பாத்தணும்னு எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல. ஆத்தா எடுத்தான்னா நான் எப்படியாச்சும் தாங்கிக்குவேன். அவகிட்ட போயி சண்ட போடுவேன், அழுவேன், கும்புடவும் செய்வேன். உங்க மறதி எடுத்துச்சின்னா நான் எங்கண்ணே போவேன்?"